சங்கை யார் ஊதுவது

எழுபத்தைந்து மார்ச்சில், லிஸ்பனிலிருந்து
காலைப் பேருந்தில் வந்து இறங்கினேன்.
பையில் நானூறு துண்டறிக்கைகள்,
மாற்றுச் சட்டை ஒன்று,
கட்சி கொடுத்த கடிதம்.
ஸெத்தூபல் துறைமுகத்தில் மழை
மத்தி வாடையோடு பெய்துகொண்டிருந்தது.

முதலாளி பிரேசிலுக்கு ஓடி ஏழு வாரம்.
கணக்குப் புத்தகங்களை அள்ளிப் போனவன்
ஆலைச் சங்கை விட்டுப் போயிருந்தான்:
கொதிகலன் கூரைமேல் பித்தளைக் கழுத்து,
கீழே தொங்கும் ஒரு சங்கிலி.

படகு கரை சேரும் நேரமெல்லாம்,
நடுநிசியானாலும், மூன்று முறை ஊதும்.
பால் குடிக்கும் பிள்ளையைப் பிடுங்கிப்
பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு,
சூப்பை அடுப்பிலேயே விட்டு
ஓடி வருவார்கள்.
ஊரில் ஆலைக்கு ஒரு குரல்;
தூக்கத்திலும் எங்களுடையது எதுவென்று தெரியும்
என்றாள் ஃபெலிஸ்மினா.
பெருமையா வெறுப்பா, எனக்குப் புரியவில்லை.

ஆகவே ஆலைக் குழுவின் முதல் தீர்மானம்:
இனிச் சங்கு ஊதக் கூடாது.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன்.
முன்னே போகிறவன் கையில் விளக்கு வேண்டும் என்றேன்.
வர்க்கம் உறங்கும்போது
விழித்திருக்க யாராவது வேண்டும் என்றேன்.
ஊதுகிற சங்கை ஊதினால்தான்
விடிகிறபோது விடியும் என்றேன்.
கத்திகள் நிற்கவில்லை.
ஒரு வெட்டு, ஒரு இழுப்பு,
தலையோடு குடலும் வந்துவிடும்.
"விடிவதற்கு ஊதுவதில்லை, படகுக்கு ஊதுவது"
என்றாள் குஸ்தோதியா.
பிறகு கேட்டாள்:
"தோழர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?"
ஏழு.
சிரிப்பு மேசை மேசையாய்ப் போய்
உப்புத் தொட்டிவரை கேட்டது.

பதினோராம் இரவு படகு வந்தது.
வாசலில் நூற்றுப் பதினாறு பேர்
மீனை இறக்குவதா, கூலியைச் சமமாக்குவதை
முதலில் முடிப்பதா என்று
கை தூக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
மூன்று முறை எண்ணினார்கள்,
மூன்றும் வேறு வேறு.
விடிவதற்குள் நாலு டன் மீனின் கண் சிவந்து
வயிறு வெடித்துவிட்டது.
"நான் அப்போதே சொன்னேன்" என்ற வாக்கியம்
என் நாக்கில் உப்புக்கல்லாய்க் கரைந்தது.
துப்பவில்லை. அதற்காக மட்டும்
என்னைக் கொஞ்சம் மன்னிக்கிறேன்.

நாறியதை வண்டியேற்றி
வயலுக்கு எருவாக அனுப்பினார்கள்.
கரும்பலகையில் ஃபெலிஸ்மினா எழுதினாள்:
படகு முதலில். பேச்சு பிறகு.
அடியில் இன்னொரு கையெழுத்து:
ஆனால் பேச்சு.

மே மாதம் தகரம் தீர்ந்தது.
அது என் வேலையாயிற்று. பரெய்ரோவில் தெரிந்த
உலோகச் சங்கத் தோழர்கள்
இரவோடிரவாக ஒரு லாரி அனுப்பினார்கள்.
எனக்குக் கைதட்டினார்கள்.
கட்சிக்கு எழுதினேன்: தலைமையை ஏற்றுக்கொண்டார்கள்.
கிழித்தேன்.
மறுபடி எழுதினேன்: தகரம் வந்தது.

சங்கும் திரும்பி வந்தது, நாலு கூட்டங்களுக்குப் பிறகு.
வாரம் ஒருத்தி சங்கிலியை இழுப்பாள்,
பெயர்களைக் காலி டப்பாவில் போட்டுக் குலுக்கி.
பகலானால் மூன்று ஊதல். இரவானால் ஒன்றே,
அதுவும் குட்டையாக;
ஸுல்மிராவின் ஆறாவது இன்னும்
பல் முளைக்கிற காய்ச்சலில் இருந்தது.
என் பெயர் டப்பாவில் இல்லை.
ஏன் என்று கேட்டேன்.
"நீங்கள் மீன் வெட்டுவதில்லையே."
வெட்டக் கற்றேன். கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது,
வெட்டியது முப்பது பெட்டிகூட இருக்காது.

நவம்பரில் காற்று மாறியது.
லிஸ்பன் என்னைத் திரும்ப அழைத்தது, இரண்டே வரியில்.
என் பெயரைப் போட்டார்களா என்று
கடைசி நாளும் கேட்கக் கூச்சம்.

விடியாத நேரப் பேருந்து. பாலத்தைத் தாண்டும்போது
ஒரே ஒரு ஊதல், குட்டையாக.
யாருடைய வாரம் என்று யோசிப்பதற்குள்
எழுந்து நின்றுவிட்டேன்,
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்:
இறங்கணுமா?